ஊரைப் பிடிக்க ஆள் வேண்டும்

தோணிமுனை முதன்முதலாகத் திரும்பியது மாசி மாதத்து ஒரு காலையில், மெக்கானிக் தஸ்நேவிஸ் தண்ணீர் லாரியின் ஸ்டீயரிங் பெட்டியைக் கழற்றப் போனபோது. அதுவரைக்கும் அந்த ஊர் ஒரே பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தது. மூன்று பக்கம் கடல், மேற்கே மட்டும் நிலம். கிழக்கு ஓரத்தில் மீனவர்களின் கடற்கரைத் தெரு, வடக்கே கடைகளும் பேங்கும், தெற்கே உப்புக் கிடங்குகளும் ஞானதுரை முதலாளியின் மாடி வீடும், மேற்கு ஓரத்தில், ஊருக்குள் நுழையும் தார்ச்சாலையின் இரண்டு பக்கமும், உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் அளத்துத் தெரு. நட்ட நடுவில் மாதா கோயில், அதன் எதிரே தஸ்நேவிஸின் ஒர்க்‌ஷாப். ஞானதுரை முதலாளியின் மீன்தூள் ஆலை ஊருக்கு வெளியே மேற்கில் இருந்தது. கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசும் மாதங்களில் அதன் புகை அளத்துத் தெருவுக்குள் வந்து திரும்பிப் போக வழி தெரியாததுபோல அங்கேயே தங்கிவிடும், கொண்டல் காற்று கிழக்கிலிருந்து கடலைச் சுமந்துகொண்டு வரும் மாதங்களிலோ ஊரையெல்லாம் தடவிக் கொடுத்துவிட்டு அளத்துத் தெருவுக்கு வந்து சேரும்போது அதனிடம் கொடுக்க எதுவும் மிச்சம் இருக்காது.

அந்த ஊரில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீரைச் செம்மண் காட்டிலிருக்கும் கிணற்றிலிருந்து லாரியில் கொண்டுவந்து தெருத் தெருவாக ஊற்றுகிறவள் மாரித்தங்கம், அளத்துத் தெருக்காரி, உப்பு லாரி ஓட்டிப் பழகி, பிறகு சொந்தமாக ஒரு பழைய டேங்கர் லாரியை வாங்கியவள். ஒற்றை விரலால் திருப்பக்கூடிய பவர் ஸ்டீயரிங் லாரி என்று சொல்லித்தான் அதை அவளுக்கு விற்றார்கள், முதலில் அப்படித்தான் திரும்பவும் செய்தது. ஆனால் கடற்காற்று அந்த ஊரில் கதவுக் கொண்டியிலிருந்து கோயில் மணியின் நாக்கு வரைக்கும் எதையும் விட்டுவைப்பதில்லை, ஸ்டீயரிங் பெட்டியையும் அது வெளியிலிருந்து உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. ஒற்றை விரல் ஒரு கையாகி, ஒரு கை இரண்டு கையாகி, கடைசியில் வளைவு வந்தால் மாரித்தங்கம் காலை டேஷ்போர்டில் ஊன்றிக்கொண்டு வடம் பிடித்துத் தேர் இழுப்பதுபோலச் சக்கரத்தை இழுக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் மாதா கோயில் வாசலில் அது இழுத்தும் வரவில்லை. அங்கிருந்து நேர்கோட்டில் போகக்கூடிய ஒரே இடம் ஒர்க்‌ஷாப்பின் முற்றமாக இருந்ததால் அவள் அங்கே போய் நிறுத்தினாள்.

"இனிமே வராது அண்ணாச்சி. பெட்டிய மாத்திருங்க," என்றாள்.

தஸ்நேவிஸ் அடக்கமாகப் பேசும் ஆள் இல்லை. "என் கைக்கு வராத போல்ட்ட இன்னும் எவனும் செய்யல, தங்கம். நீ போயி ஒரு டீயக் குடிச்சிட்டு வா," என்றார்.

தூத்துக்குடியிலிருந்து புதுப் பெட்டி மெழுகுத்தாளில் சுற்றி வந்து சேர்ந்தது. பழைய பெட்டியை லாரியோடு பிடித்திருந்த போல்ட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். எல்லாம் வந்தன, ஒன்றைத் தவிர. அது வானத்தைப் பார்த்துத் தலையை நீட்டிக்கொண்டு, போல்ட்டு எது பெட்டி எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி துருவிலேயே முளைத்ததுபோல நின்றது. சுத்தியலால் தட்டினார். கேஸ் வைத்துச் சூடாக்கினார். செக்கச் சிவந்தது, ஆறியது, அசையவில்லை. அறுத்துப் பார்த்தார், பிளேடுதான் பல்லைப் பறிகொடுத்தது. பிறகு போல்ட்டின் தலையில் பானாவை மாட்டி, பானாவின் வாலில் ஆளுயரக் குழாய் ஒன்றைச் செருகி, குழாயின் நுனியில் நெஞ்சைக் கொடுத்து, கால்களைத் தரையில் நன்றாக ஊன்றித் தள்ளினார்.

மெதுவாக, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல, ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தது. தஸ்நேவிஸ் சிரித்தார். டீக் கிளாஸோடு நின்ற மாரித்தங்கம் சிரிக்கவில்லை. லாரியின் மூக்குக்கு நேரே இருந்த மாதா கோயில் கோபுரம் இப்போது கொஞ்சம் தள்ளி நிற்பதையும், ஒர்க்‌ஷாப் சுவர் லாரியைச் சுற்றி நகர்ந்து போவதையும், லாரியின் டயர்களுக்குக் கீழே தரை அலையின் மேல்தண்ணீர்போல வழுக்கிப் போவதையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, போல்ட்டு வரல," என்றாள். "ஊரு வருது."

தஸ்நேவிஸ் நிமிர்ந்து பார்த்தார். அவரும் லாரியும் போல்ட்டும் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்க, ஊர் அவர் காலுக்குக் கீழே நழுவியிருந்தது. குழாயின் மறுபக்கம் போய் எதிர்த்திசையில் தள்ளினார். ஊர் பழைய இடத்துக்கு வந்தது. இன்னொரு முறை இந்தப் பக்கம் தள்ளினார்; மறுபடியும் நழுவியது.

"உறுதியான போல்ட்டுதான்," என்றார், மரியாதையோடு.

சேதி பரவியபோது ஊர் அதை ஒரு கல்யாணச் சேதியைப்போல வாங்கிக்கொண்டது, அதாவது எல்லாருக்கும் அதில் ஒரு யோசனை இருந்தது. ஊரின் விளிம்பில், தார்ச்சாலையும் மணலும் பாறையும் வந்து தொடும் இடத்தில், ஒரு விரல் நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு வெடிப்பு ஓடியது, ஒன்றிரண்டு நாளில் மணல் அதை நிரப்பிவிட்டது. லைன்மேன் வந்து, மின்கம்பி முறுக்கிக்கொள்ளாமலிருக்க இரண்டு பாகம் நீளம் தளர்த்திக் கொடுத்துவிட்டுப் போனார். கருவாடு காயப்போட்டவர்கள் வெயில் இன்னும் சற்று நேரம் நின்றால் நன்றாக இருக்கும் என்று ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சொன்னார்கள். தஸ்நேவிஸ் கொஞ்சம் தள்ளிக் கொடுத்தார். கிழக்குப் பார்த்த வாசல் வேண்டும் என்று ஒரு கல்யாண வீட்டார் வெற்றிலை பாக்கோடு வந்தார்கள். முகூர்த்தம் முடியும்வரை அவர்கள் வாசல் கிழக்குப் பார்க்க, ஊர் முழுதும் கால்வட்டம் திரும்பி நின்றது. பரீட்சை எழுதும் பிள்ளைகளின் கண்ணில் வெயில் படுகிறது என்று பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் ஆளனுப்பினார். வெயிலுக்குக் கட்டிலை நிழல் பார்த்து இழுத்துப் போடுவதுபோல ஊரை இப்படியும் அப்படியும் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள், காக்கைகள்கூட மாலையில் மரத்துக்குத் திரும்பும்போது ஒரு சுற்றுச் சுற்றி எது எங்கே இருக்கிறதென்று பார்த்துவிட்டுத்தான் இறங்கக் கற்றுக்கொண்டன. தஸ்நேவிஸின் மனைவி பெர்பெத்தம்மாள், கடற்கரையில் மீன் ஏலம் போடுகிறவள், கரைக்கு வந்துகொண்டிருக்கும் வள்ளத்தில் என்ன மீன் இருக்கிறதென்று கரையில் நின்றே கேட்டுப் பதில் வாங்கும் குரல்காரி, "காலையில எந்திரிச்சா கடல் எந்தப் பக்கம்னு வாசல்ல வந்து தேட வேண்டியிருக்கு," என்று மட்டும் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் லாரி அசையாமல் நின்றது, லாரி நின்றதால் தண்ணீரும் நின்றது. குடங்களை ஆட்டோவில் அடுக்கிக்கொண்டு செம்மண் காட்டுக்குப் போனார்கள், சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்கள், தலையில் வைத்துக்கொண்டும் போனார்கள். குளிப்பது குறைந்தது, பிறகு சோறு வடிப்பது குறைந்தது. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி தன் குடத்தில் பாதியைச் சரித்துக் கொடுத்துவிட்டு மீதிப் பாதியை மூடி வைத்துக் காவல் இருந்தாள். அப்போதுதான் ஊரார் மாதா கோயில் முன்னால் கூடி, விளையாட்டு போதும், போல்ட்டைக் கழற்று என்று தஸ்நேவிஸிடம் கேட்டார்கள்.

"கழத்துதேன்," என்றார் அவர். "ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கிடுங்க. எதையும் கழத்தணும்னா ஒரு பக்கம் திருப்பும்போது மறுபக்கத்த யாராவது பிடிக்கணும். பானாவ நான் பிடிச்சுக்கிடுவேன். ஊரப் பிடிக்கத்தான் ஆள் வேணும்."

"எம்புட்டு ஆள் வேணும்?"

"எல்லாரும்."

"எந்த நெலையில பிடிக்க?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "போல்ட்டு கழண்டுட்டா பெறகு ஊரத் திருப்ப முடியுமா?"

தஸ்நேவிஸ் கொஞ்சம் யோசித்தார். "முடியாது. எங்க பிடிக்கமோ அங்கதான் நிக்கும்."

அதற்குப் பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்று கடற்கரைத் தெரு நினைத்தது. பழையபடி, கிழக்கே தாங்கள், மேற்கே அவர்கள், வேறெப்படி. அதை யாரும் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தஸ்நேவிஸ் ஊரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து வைத்தார். கடற்கரைத் தெருவார் நங்கூரங்களைக் கடலில் போட்டு அவற்றின் வடங்களைத் தங்கள் வீட்டுத் தூண்களிலும் சிலுவைக் கம்பத்திலும் கட்டினார்கள். கடைக்காரர்கள் ஷட்டரை இழுத்து விட்டுவிட்டு அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார்கள். கிடங்குக்காரர்கள் கடப்பாரைகளை வெடிப்பில் இறக்கினார்கள். அளத்துத் தெருவார் தங்கள் மண்சுவர்களைக் கைகளால் தாங்கி நின்றார்கள். மணி அடித்தது. தஸ்நேவிஸ் குழாயில் நெஞ்சைக் கொடுத்தார்.

குழாய் முதலில் வில்லாக வளைந்தது. போல்ட்டின் கழுத்திலிருந்து ஒரு சிட்டிகை துரு உதிர்ந்தது. வடங்கள் விண்ணென்று இறுகின. பிறகு, ஒரு கை தளர்ந்தால் கயிறிழுக்கிற கட்சி முழுதும் சரிவதுபோல, மேற்கே ஏதோ ஒன்று விட்டது, ஊர் ஒரு பக்கமாகச் சாய்ந்து வழுக்கிப் போய், தஸ்நேவிஸ் குப்புற விழுந்தார்.

எழுந்து உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே, "மேக்கால கைய விட்டுட்டாவ," என்றார். பானா பிடித்த கைக்கு அது தெரியும்.

கூட்டம் மேற்கே பார்த்தது. அளத்துத் தெருவிலிருந்து மாரித்தங்கம் நடந்து வந்தாள். அவசரப்படவும் இல்லை, தலையைக் குனியவும் இல்லை.

"நாந்தான் அண்ணாச்சி விட்டேன்," என்றாள். "நான் மட்டும் இல்ல. எங்க தெருவே விட்டுச்சு."

"உன் லாரி, பிள்ள," என்றாள் பெர்பெத்தம்மாள், நம்ப முடியாமல். "உன் லாரிக்குத்தான இம்புட்டுப் பேரும் வடம் பிடிச்சிட்டு நிக்கோம்."

"என் லாரிதான் அக்கா. ஓடலன்னா எனக்குத்தான் மொதல்ல வயிறு காயும்." மாரித்தங்கம் எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். "எங்க வீட்டுல அவரு படுத்துத் தூங்கி எம்புட்டு வருசம் ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. படுத்தா மூச்சு முட்டும். செவத்துல சாய்ஞ்சு உக்காந்துதான் தூங்குவாரு, இருமுவாரு, திரும்பத் தூங்குவாரு. அன்னைக்கு நீங்க கல்யாணத்துக்கு ஊரத் திருப்பி வச்சீயள்ளா, எங்க தெரு வடக்குக் கரைக்கு வந்து நின்னுச்சு. கடல் காத்து நேரா வாசலுக்கு வந்துச்சு. மத்தியானம் பாய விரிச்சுப் படுத்தவரு பொழுது சாயுறவரைக்கும் எந்திரிக்கல. நான் பயந்துபோயி மூக்குக்குக் கீழ வெரல வச்சுப் பாத்தேன். தூங்குதாரு. நல்லாத் தூங்குதாரு."

மாரித்தங்கம் தஸ்நேவிஸ் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பழைய எடத்துல பிடிக்கச் சொல்லுதீய. கை பிடிக்கத்தான் போச்சு. பிடிக்க மாட்டேங்குது. அதுக்கு மேல என்ன சொல்ல."

அன்று கூட்டம் கலைந்தது. அடுத்து வந்த நாட்களில் கடற்கரைத் தெரு கோபப்பட்டது, அளத்துத் தெரு வாயைத் திறக்காமல் இருந்தது, இரண்டுக்கும் நடுவே தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. தஸ்நேவிஸ் மட்டும் தினமும் போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். கச்சான் தொடங்கியிருந்தது. தஸ்நேவிஸ் திருப்பி வைத்த பழைய நிலையிலேயே ஊர் நிற்க, ஆலைப் புகை அளத்துத் தெருவில் இறங்கித் தங்கியது.

அந்தத் தெருவுக்கு ஒரு பகலில் பெர்பெத்தம்மாள் தன் மீன் கூடையோடு போனாள். விற்கப் போகவில்லை. மாரித்தங்கத்தின் வீட்டு வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "உள்ள உக்காந்துக்கிடட்டுமா பிள்ள?" என்று கேட்டாள். மாரித்தங்கம் முறத்தை நகர்த்தி இடம் கொடுத்தாள். மாரித்தங்கத்தின் கணவன் சுடலைமணி, உப்பு வெளிச்சத்தில் வேலை பார்த்துக் கண் சுருங்கிப்போனவன், சுவரில் சாய்ந்தபடி, "வாங்க மைனி," என்றான், அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டுமுறை மூச்சு வாங்கினான். பெர்பெத்தம்மாள் அங்கே உட்கார்ந்து அவர்களோடு வெங்காயம் உரித்தாள், மீனை ஆய்ந்து குழம்பு வைத்தாள், பேசிக்கொண்டிருந்தாள். மறுநாளும் போனாள். பிறகு அவளுக்கு அங்கே போவது வழக்கமாகிவிட்டது. எதற்குப் போகிறாய் என்று தஸ்நேவிஸ் கேட்டதற்கு, "நீங்க பானாவப் பிடிச்சு ஊரப் பாக்கீய. நான் ஊருக்குள்ள உக்காந்து பாக்கேன்," என்றாள்.

ஒரு நாள் காலை வள்ளங்கள் கரையேறி, வியாபாரிகள் வட்டம் கூடி, ஏலம் தொடங்க எல்லாரும் பெர்பெத்தம்மாளைப் பார்த்தபோது, அவள் வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. மறுபடி முயன்றாள். காய்ந்த ஓலை உரசுவதுபோல ஒரு சத்தம் வந்தது. கடற்கரை ஏலங்களில் எந்தப் புயலும் அமர்த்தாத அந்தக் குரலைப் புகை அமர்த்திவிட்டது. அன்று மீனை விரலைக் காட்டி ஏலம் விட்டார்கள், யாருக்கும் விலை சரியாகப் புரியாமல் இரண்டு வியாபாரிகள் ஒரே பாரை மீனைத் தூக்கிக்கொண்டு சண்டை போட்டார்கள்.

மாலையில் அவள் மாதா கோயில் முன்னால் வந்து நின்று பேச ஆரம்பித்தாள். முதல் வரிசையில் இருந்தவர்களுக்கே கேட்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் முன்னே வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் அவர்களை நெருக்கிக்கொண்டு வந்தார்கள், கடற்கரைத் தெருவும் அளத்துத் தெருவும் தோளோடு தோள் இடித்துக் காதைக் கொடுத்து நின்றால்தான் அவள் சொல்வது கேட்கும் என்றாகிவிட்டது. குழந்தைகளை வாய்மூடச் சொல்லி, பிறகு எல்லாரும் வாயை மூடினார்கள்.

"நான் போனது கொஞ்ச நாள்," என்றாள் அவள், காற்று போல. "அவுங்க இருக்கது காலங்காலமா. நம்ம தெரு தெக்க வந்து நின்னா நம்மளுக்கு என்ன கொறையும்? கடல் அங்கயும் இருக்கு. வள்ளம் கிழக்குக் கரையிலதான் ஏறும், வாசல்ல இருந்து பாக்க முடியாது. கடைத்தெருவத் தாண்டி நடந்து போகணும். நடப்போம். கால் இருக்கு." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "அவுங்க தெரு வடக்க வந்து நின்னா அந்த மனுசன் படுத்துத் தூங்குவாரு. கல்யாணத்தன்னைக்கு இருந்த நெலதான். அங்க பிடிப்போம்."

கடற்கரைத் தெருவின் வயசாளி ஒருவர், வள்ளத்தை வாசலிலிருந்து பார்த்தே பழகிப்போனவர், வெகுநேரம் மணலைக் காலால் கிளறிக்கொண்டிருந்துவிட்டு, "நடந்தா பசி எடுக்கும். எடுக்கட்டும்," என்றார். கடற்கரைத் தெரு சம்மதித்தது அந்த வார்த்தையில்தான்.

அப்போது ஞானதுரை முதலாளி கையைத் தூக்கினார். கணக்கு அவருக்குத்தான் முதலில் புரிந்தது. "அப்படி வச்சா தெற்கு மேற்கா வரும். என் வீடு ஆலைக்கு எதிர்த்தாப்புல போயிரும்."

"ஆமா முதலாளி," என்றாள் மாரித்தங்கம். "உங்க ஆலைதான."

அவர் பேசிப் பார்த்தார். தெற்குப் பக்கம் தான் சொன்னால்தான் பிடிக்கும், தான் பிடிக்கச் சொல்லப் போவதில்லை என்றார். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இருந்தாலும் நாள் குறித்தார்கள். தஸ்நேவிஸ் விடிந்ததும் ஊரைக் கால்வட்டம் திருப்பி வைத்தார், கடைத்தெருவின் கண்ணாடிகளில் முதன்முறையாகச் சூரியன் நேராக உதித்தது. பிறகு ஒவ்வொருவரும் தங்கள் இடத்துக்குப் போனார்கள். தெற்குக் கரைக்கு வந்திருந்த கடற்கரைத் தெருவார் பாறைகளில் வடம் சுற்றினார்கள், நங்கூரங்களைப் போட்டார்கள், வலைகளை முறுக்கிக் கயிறாக்கி ஒரு வீட்டை அடுத்த வீட்டோடு கட்டினார்கள். கடைக்காரர்கள் தராசுக் கற்களையும் அரிசி மூட்டைகளையும் வெடிப்போரம் அடுக்கி அதன்மேல் குடும்பத்தோடு ஏறி உட்கார்ந்தார்கள். வடக்குக் கரைக்கு வந்திருந்த அளத்துத் தெருவார் உப்பு வாரும் பலகைகளை மணலில் ஆழ இறக்கி அவற்றில் நெஞ்சைச் சாய்த்தார்கள், சுடலைமணியும் தன் வீட்டுச் சுவருக்கு முதுகைக் கொடுத்து, கால்களைக் கடலை நோக்கி நீட்டி உட்கார்ந்தான். பங்குச்சாமியார் பீடத்தைப் பிடித்துக்கொண்டார், முத்தாரம்மன் கோயில் பூசாரி கொடிமரத்தைக் கட்டிக்கொண்டார், ஹெட்மாஸ்டர் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகக் கைகோத்துப் பள்ளிக்கூடத்தைச் சுற்றி நிற்க வைத்தார். நடக்க முடியாதவர்கள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார்கள், தூளியில் கிடந்த குழந்தைகளை யாரும் இறக்கவில்லை, அவற்றின் கனமும் கணக்கில் சேரட்டும் என்று விட்டார்கள். மேற்கே வந்திருந்த உப்புக் கிடங்குகளைச் சுமைதூக்குகிறவர்கள் வந்து தாங்கினார்கள். முதலாளி சொல்லித்தான் வர வேண்டும் என்று அவர்களுக்கு அன்று தோன்றவில்லை.

மாரித்தங்கம் குழாயின் மறுபக்கத்தில் தஸ்நேவிஸோடு நின்றாள். அவர் குழாயில் கையை வைத்து, மருத்துவர் நாடி பார்ப்பதுபோல, கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"வடக்க நல்லாப் பிடிச்சிருக்காவ. தெக்க என் பொண்டாட்டி பிடிச்சிருக்கா, தெரியுது. கிழக்க சரி." முகத்தைச் சுளித்தார். "மேக்கால ஒரு வீட்டளவு கனம் கொறையுது."

அந்த வீட்டில், திறந்தே பழகாத ஜன்னல்களுக்குப் பின்னால், ஞானதுரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சந்திரமதி செருப்பை மாட்டினாள்.

"எங்க போற?"

"வெளிய," என்றாள் அவள். "கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து ஏசியப் போட்டு ஜன்னல மூடித்தான் இருக்கேன். தெக்க இருந்தா என்ன, மேக்க இருந்தா என்ன. ஒரு தடவையாவது இந்த ஊரத் தொட்டுப் பாக்கேன்."

அவள் வெளியே வந்து, பட்டுப்புடவையோடு, தன் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் முதுகைக் கொடுத்துக் குதிகாலை மணலில் ஊன்றினாள். ஆலைப் புகை அவள் முகத்தில் வந்து மோதியது. இருமினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், முதுகை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஞானதுரையும் வந்து அவள் பக்கத்தில் சாய்ந்தார். (ஆலைக் குழாயை உயர்த்திக் கட்டி, புகையைக் கழுவி வெளியே விடுகிற இயந்திரத்தை அவர் வாங்கி வைத்தது அடுத்த மழைக்கு முன்னால் நடந்தது. அதற்கு மனு எழுதித் தேய்ந்த கைகள் ஊரில் பல இருந்தன. ஆனால் அந்த இயந்திரத்துக்குக் காரணம் அன்று அவர் இழுத்த மூச்சுதான்.)

"வந்துட்டு," என்றார் தஸ்நேவிஸ். "தங்கம், தள்ளு."

இருவரும் தள்ளினார்கள். குழாய் வளைந்தது. வடங்கள் பாடின. ஊரின் ஒவ்வொரு சுவரும் ஒரு முதுகை உணர்ந்தது, ஒவ்வொரு முதுகும் தன் சுவருக்குப் பின்னால் இன்னொரு சுவரையும் அந்தச் சுவரில் சாய்ந்த இன்னொரு முதுகையும் உணர்ந்தது, அளத்துத் தெருவில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கடற்கரைத் தெருவில் ஒருத்தி மூச்சை அடக்குவது தெரிந்தது, பேங்கின் வாசலில் இருந்த காவல்காரருக்குத் தொட்டிலில் ஒரு குழந்தை காலை உதைப்பது தெரிந்தது. ஊர் நழுவப் பார்த்தது. நழுவவில்லை. இன்னொரு முறை நழுவப் பார்த்தது. தஸ்நேவிஸின் கழுத்து நரம்பு புடைத்தது, மாரித்தங்கத்தின் பாதம் மண்ணில் கணுக்கால்வரை இறங்கியது.

அப்போது போல்ட்டு கத்தியது. இரும்பு கத்துகிற சத்தம்தான், ஆனால் அதில் பல வருஷத்துக் கடற்காற்று இருந்தது. அதன் கழுத்தைச் சுற்றிச் சிவந்த தூள் ஒரு பிடி அளவுக்கு உதிர்ந்தது, பானா ஒரு முடி அகலம் நகர்ந்தது, பிறகு ஒரு விரல் அகலம், பிறகு குழாயே தேவைப்படாமல், பிறகு பானாவும் தேவைப்படாமல், தஸ்நேவிஸ் அதைக் கையாலேயே சுற்றிச் சுற்றி வெளியே எடுத்தார். தன் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்தப் போல்ட்டைப் பார்த்துவிட்டு, "நல்ல எதிராளி," என்று சொல்லிக் குப்பைத் தகரத்தில் போட்டார்.

பழைய பெட்டி ஒரு தட்டில் கீழே விழுந்தது. புதிய பெட்டியை மெழுகுத்தாளிலிருந்து பிரித்து, ஏற்றி, முடுக்கி, எண்ணெய் ஊற்றினார். அதற்குள் ஊரார் தங்கள் இடங்களை விட்டு எழுந்து ஒர்க்‌ஷாப்பைச் சுற்றி வந்து நின்றார்கள், முதுகில் சுண்ணாம்பும் மண்ணும் ஒட்டியிருக்க. கடற்கரைத் தெருவாரும் அளத்துத் தெருவாரும் கலந்து நின்றார்கள், யார் முதுகில் யார் தெருவின் மண் என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. சாலை இப்போது கிடங்கின் பின்சுவரில் வந்து முட்டி நின்றது. அதைச் சுற்றி ஒரு வளைவு போட்டால்தான் லாரி வெளியே போக முடியும் என்று தெரிந்ததும், அளத்துத் தெருவார் மண்வெட்டியோடும் கூடையோடும் போனார்கள், மற்றவர்கள் அவர்கள் பின்னால் கல் சுமந்தார்கள், மதியத்துக்குள் கிடங்கை வலம்வருவதுபோல ஒரு மண்பாதை தயாராகிவிட்டது.

மாரித்தங்கம் கேபினில் ஏறி உட்கார்ந்தாள். தஸ்நேவிஸ் பக்கத்தில் ஏறிக்கொண்டார். இன்ஜின் உறுமியது. முற்றத்தை விட்டு வெளியே வர இடது பக்கம் திரும்ப வேண்டும். எல்லாரும், தங்களை அறியாமல், பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பெர்பெத்தம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பயமா இருக்கா?" என்றார் தஸ்நேவிஸ்.

"எனக்கென்ன பயம். நீங்க மாத்தின பெட்டி."

"அப்ப திருப்பு."

அவள் ஒற்றை விரலைச் சக்கரத்தின் மேல் வைத்துத் திருப்பினாள். லாரி திரும்பியது. ஊர் அப்படியே நின்றது.